வாசலில் எடுக்கும் மறுசுழற்சி: தோட்டப்புற நகரில் மானியத்தைக் கொண்டு மக்களைப் பழக்கும் வழி

மறுசுழற்சி விழிப்புணர்வுக்கு மானியம் கிடைத்திருக்கிறது என்று யாராவது சொன்னால், பதாகைக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது. நம் ஊர்களில் இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கின்றன. சனிக்கிழமை காலை மண்டபத்தின் முன் கூடாரம், எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை, பிரமுகர் வரும்வரை காத்திருப்பு, பிறகு உரை, கைதட்டல், படம். மதியம் பாலிஸ்டிரின் பெட்டியில் மீகூன். கூட்டம் கலைந்த பிறகு அந்தப் பெட்டிகளைக் கறுப்புப் பையில் அள்ளிக் கட்டுகிறவர் மண்டபத்தைக் கூட்டும் அம்மா. அடுத்த வாரம் மறுசுழற்சி லாரி தெருவுக்குள் வரும்போது, எப்போதும் பை வைக்கிற வீடுகளில் மட்டுமே பை இருக்கும்.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் உள்ள பகாவ் போன்ற ஊரை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. ஜெம்போல் மாவட்டத்தின் முக்கிய நகரம் அது. சுற்றிலும் செம்பனையும் ரப்பரும், சற்றுத் தள்ளி பெல்டா என்ற அரசு நிலத் திட்டத்தின் குடியேற்றங்கள். தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமான்களில், அதாவது நகரக் குடியிருப்புப் பகுதிகளில், வீடு வாங்கிய குடும்பங்கள் ஒருபுறம், இன்னமும் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கும் குடும்பங்கள் மறுபுறம். சங்கம், கோயில் நிர்வாகம், குடியிருப்பாளர் குழு, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்று ஏதோ ஓர் அமைப்பின் சார்பில் முதல்முறையாக மானியம் கேட்கப் போகிறவர்களுக்கு இது உதவும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: மானியப் பணத்தில் பெரும்பகுதி வீடு வீடாகப் போவதற்கும், போன வீட்டுக்கே திரும்பப் போவதற்கும் செலவாக வேண்டும். இதற்குச் சான்று உண்டு. 1991இல் ஷான் பர்ன் என்ற உளவியலாளர் கலிபோர்னியாவின் கிளேர்மான்ட் நகரில் நடத்திய ஓர் ஆய்வை வெளியிட்டார். துண்டறிக்கை மட்டும் கிடைத்த வீடுகளைவிட, ஏற்கெனவே மறுசுழற்சி செய்துவந்த அக்கம்பக்கத்துக்காரர் நேரில் வந்து சொன்ன வீடுகளில் அதிகம் பேர் பை வைக்கத் தொடங்கினர். 1999இல் வெஸ்லி ஷுல்ட்ஸ் அதே மாநிலத்தின் லா வெர்ன் நகரில் வீட்டுக் கதவுகளில் அட்டை தொங்கவிட்டுப் பார்த்தார். ‘மறுசுழற்சி செய்யுங்கள்’ என்ற வேண்டுகோளும் வெறும் தகவலும் பெரிதாக எதையும் மாற்றவில்லை. ‘உங்கள் வீடு இந்த வாரம் இவ்வளவு செய்தது’, ‘உங்கள் தெரு இவ்வளவு செய்தது’ என்று திருப்பிச் சொன்ன அட்டைகள் மாற்றின. அமெரிக்காவில் 2014இல் தொடங்கிய ரீசைக்கிளிங் பார்ட்னர்ஷிப் என்ற அமைப்பு, நகரங்களுக்கு மானியம் கொடுத்து, ஆட்களைத் தெருவில் இறக்கித் தொட்டிகளில் அட்டை மாட்டச் சொல்வதும் இந்த அடிப்படையில்தான். நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். அட்டையும் ஆளும் இருந்தால் போதும்.

படி 1: உங்கள் குப்பையை யார் எடுக்கிறார்கள்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் துண்டறிக்கை அச்சடிப்பவர்கள் அதிகம். 2007ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம், அதாவது சட்டம் 672, 2011 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. கோலாலம்பூர், புத்ராஜெயா, நெகிரி செம்பிலான், ஜொகூர், மலாக்கா, பகாங், கெடா, பெர்லிஸ் ஆகியவை இதை ஏற்றுக்கொண்டவை. வீட்டிலேயே குப்பையைப் பிரித்து வைப்பது இங்கெல்லாம் 2015 செப்டம்பர் 1 முதல் கட்டாயம். 2016 ஜூன் 1 முதல் அபராதம் விதிக்கும் அதிகாரமும் நடப்புக்கு வந்தது. தரைவீடுகளுக்கு முதல்முறை 50 வெள்ளி (ரிங்கிட்), இரண்டாம் முறை 100, மூன்றாம் முறை 500. அதற்கும் மேலே போனால் நீதிமன்றம், 1,000 வெள்ளி வரை. வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள்களோடு தோட்டக் கழிவும் பழைய மெத்தை, நாற்காலி போன்ற பெரிய சாமான்களும் எடுக்கப்படும். ‘இரண்டு கூட்டல் ஒன்று’ என்று சொல்லப்படுவது இதுதான். நெகிரி செம்பிலான், மலாக்கா, ஜொகூர் மூன்றிலும் எஸ்.டபிள்யூ.எம். என்விரோன்மென்ட் நிறுவனம் எடுக்கிறது, மேற்பார்வை எஸ்.டபிள்யூ.கோர்ப் என்ற அரசுத் திடக்கழிவுக் கழகத்துடையது.

பேராக்கின் சுங்கை சிப்புட்டிலோ சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவிலோ இருந்துகொண்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால், உங்கள் மாநிலம் சட்டம் 672இன் கீழ் இல்லை. உங்கள் ஊராட்சி மன்றத்தின் துப்புரவுப் பிரிவில் போய் ஏற்பாடு என்ன என்று கேளுங்கள். பகாவுக்காக எழுதிய துண்டறிக்கையை அப்படியே அங்கே கொடுத்தால், வராத லாரிக்காக மக்கள் பை கட்டி வைப்பார்கள். ஒருமுறை அப்படி ஏமாந்த தெருவை மறுபடி இணங்க வைப்பது மிகக் கடினம்.

ஒரே ஊருக்குள்ளும் நிலைமை ஒன்றாக இருக்காது. தாமான் வீடுகளுக்கு 120 லிட்டர் சக்கரத் தொட்டி இருக்கும், லாரி வாசலுக்கே வரும். ஓரக் குடியிருப்புகளில் முச்சந்தியில் பொதுத் தொட்டி மட்டும் இருக்கலாம். தோட்ட லயங்களுக்கு நகராண்மைக் கழக லாரி பல இடங்களில் போவதே இல்லை. அங்கே குடியிருப்பின் துப்புரவு தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. 1990ஆம் ஆண்டின் சட்டம் 446 தொழிலாளர் வீட்டு வசதிகளுக்கு முதலாளியைப் பொறுப்பாக்குகிறது. லயத்துக்கு வேறு வழி தேவை. அதைப் பிறகு பார்க்கலாம்.

எனவே முதல் வாரத்தில் மூன்று வேலைகளைச் செய்யுங்கள். எஸ்.டபிள்யூ.கோர்ப் கிளை அலுவலகத்திலோ குத்தகை நிறுவனத்திலோ, உங்கள் தெருவுக்கு மறுசுழற்சி நாள் எது என்பதை எழுத்தில் வாங்குங்கள். அந்த நாளில் காலையிலேயே தெருமுனையில் நின்று, லாரி எத்தனை மணிக்கு வருகிறது, எந்தத் தெருவை விட்டுவிடுகிறது என்று பாருங்கள். லாரி ஊழியர்களோடு ஒரு தேநீர் குடியுங்கள். எந்த வீட்டுப் பை சுத்தமாக இருக்கும், எந்த வீட்டுப் பையைத் திறந்தால் பேம்பர்ஸ் வரும் என்று எந்த அதிகாரியையும்விட அவர்களுக்கே நன்றாகத் தெரியும்.

படி 2: தொடங்கும் முன் எண்ணுங்கள்

மானியம் கொடுப்பவர் கடைசியில் ‘என்ன மாறியது?’ என்று கேட்பார். தொடக்க நிலையை எழுதி வைத்தவருக்கே பதில் இருக்கும். மறுசுழற்சி நாளில் லாரிக்கு முன்னால் தெருவில் நடந்து, எத்தனை வீட்டு வாசலில் தனிப் பை இருக்கிறது என்று எண்ணுங்கள். வீட்டு எண்ணைக் குறித்து, பை உண்டு, இல்லை என்று கோடு போட்டால் போதும். தொடர்ந்து நான்கு வாரம் எண்ணுங்கள். ஒரே வாரக் கணக்கில் பள்ளி விடுமுறையும் கல்யாணமும் கலந்துவிடும்.

அடுத்து, பத்து வீடுகளிடம் அனுமதி கேட்டு அவர்களின் ஒரு நாள் குப்பையை வாங்குங்கள். கித்தான் விரித்து, கையுறை போட்டு, வகை வகையாகப் பிரித்து எடை போடுங்கள். வீட்டமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் 2012ஆம் ஆண்டு ஆய்வின்படி மலேசிய வீட்டுக் குப்பையில் 44.5 விழுக்காடு உணவுக் கழிவு, 13.2 விழுக்காடு பிளாஸ்டிக், 12.1 விழுக்காடு குழந்தை அணையாடை, 8.5 விழுக்காடு காகிதம். உங்கள் ஊர்க் கணக்கு இதிலிருந்து எங்கே விலகுகிறது என்பது சுவாரசியமானது. காகிதமும் அலுமினியக் குவளையும் நீங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே வரலாம். காரணம் எளிது: ‘சூராட் காபார் லாமா’ (பழைய செய்தித்தாள்) என்று ஒலிபெருக்கியில் பாடிக்கொண்டு வரும் லாரிக்கு அவை போய்விடுகின்றன. பாட்டிகள் அட்டைப்பெட்டியை அவிழ்த்து, மடித்து, கயிறு கட்டி, அந்த லாரிக்காக அடுக்கி வைத்திருப்பார்கள். அதற்குக் காசு உண்டு. இந்தப் பழக்கத்தோடு மோதாதீர்கள். விற்கக்கூடியதை விற்கட்டும், அதுவும் மறுசுழற்சிதான். வாசல் பைக்கு நீங்கள் கேட்க வேண்டியது, யாரும் காசு கொடுக்காத மிச்சத்தை: சோப்புத் தூள் புட்டி, எண்ணெய்ப் புட்டி, பால் டின், கண்ணாடி ஜாடி, காகிதக் குடுவை.

படி 3: மானியம்

எங்கே கேட்பது? இந்திய சமூக அமைப்புகளுக்கு, இந்தியர் மேம்பாட்டுக்கான அரசுப் பிரிவான மித்ரா பெரும்பாலோர் அறிந்த வாசல். சுற்றுச்சூழல் சார்ந்த சமூகத் திட்டங்களுக்கு, ஐ.நா. மேம்பாட்டுத் திட்டத்தின் வழியாக நடக்கும் உலகச் சுற்றுச்சூழல் வசதியின் சிறு மானியத் திட்டம் இருக்கிறது. அரசு முதலீட்டு நிறுவனமான கசானாவின் அறக்கட்டளை, யாயாசான் ஹசானா, இருக்கிறது. ஊராட்சி மன்றங்கள் உள்ளூர் அஜெண்டா 21 என்ற நீடித்த மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் சிறு தொகைகள் கொடுப்பதுண்டு. ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கக் குழு) பகுதியாக இருந்தால் ஒற்றுமைத் துறையைக் கேளுங்கள். அருகில் இருக்கும் தோட்ட நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியை மறந்துவிடாதீர்கள். முந்நூறு வீட்டுத் திட்டத்துக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம். விண்ணப்பக் காலமும் நிபந்தனையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், அந்தந்த அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லோரும் கேட்கும் ஆவணங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான்: 1966ஆம் ஆண்டின் சங்கச் சட்டத்தின்படி பதிவு, சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து, தணிக்கை செய்த கணக்கு, ஆண்டுப் பொதுக்கூட்ட அறிக்கை. தலைவரின் சொந்தக் கணக்கில் பணம் வாங்கிப் பின்னால் சரிசெய்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அங்கேயே மறுத்துவிடுங்கள். தோட்டப்புறச் சங்கங்கள் பல உடைந்தது சண்டையால் அன்று, இரசீதால்.

விண்ணப்பத்தில் ‘மக்களிடையே விழிப்புணர்வை ஏற்படுத்துதல்’ என்று எழுதாதீர்கள். அதை அளக்க முடியாது. ‘இந்தத் தாமானின் 300 வீடுகளில் தனிப் பை வைக்கும் வீடுகளின் எண்ணிக்கையை நான்கு மாதத்தில் இரண்டு மடங்காக்குதல், பையில் தவறான பொருள் இருக்கும் வீடுகளைப் பாதியாகக் குறைத்தல்’ என்று எழுதுங்கள். நாட்டின் மறுசுழற்சி விகிதம் 2024இல் 37.9 விழுக்காடு, 2025க்கு வைத்த இலக்கு 40. இந்த எண்களை முன்னுரையில் ஒரு வரியாகச் சொல்லலாம். ஆனால் மதிப்பீட்டாளரை நின்று கவனிக்க வைப்பது நீங்கள் நடந்து எண்ணிய எண்தான்.

செலவுத் திட்டம் எப்படி அமையலாம் என்பதற்கு 20,000 வெள்ளிக்கு ஒரு மாதிரி தருகிறேன். தெருப் பொறுப்பாளர் பத்துப் பேருக்கு மாதம் 200 வீதம் நான்கு மாதத்துக்கு 8,000. பகுதி நேர ஒருங்கிணைப்பாளருக்கு மாதம் 800 வீதம் 3,200. வீட்டுக்கு இரண்டு நெய்த பைகள், ஒன்று மூன்று வெள்ளி என்றால் 1,800. குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் தாள் 700. கருத்து அட்டைகள் 900. தராசு, கையுறை, கித்தான் 800. பயிற்சி நாள்களுக்குச் சாப்பாடு 800. கோயில், பள்ளி நிகழ்ச்சிகள் 1,500. தணிக்கைக்கும் அறிக்கைக்கும் 800. எதிர்பாராச் செலவு 1,500. பாதிக்கு மேல் ஆட்களுக்குப் போகிறது என்று மானியக் குழு புருவம் உயர்த்தினால், கிளேர்மான்ட், லா வெர்ன் ஆய்வுகளைக் காட்டுங்கள். பதாகைக்கு ஏன் ஒரு வரியும் இல்லை என்று உங்கள் சங்கத்துக்குள்ளேயே கேட்பார்கள். கோயில் திருவிழாவின் பழைய பதாகையைத் திருப்பி, பின்புறத்தில் சாயத்தால் எழுதிக்கொள்ளலாம். திட்டத்துக்கும் அதுதான் பொருத்தம்.

காலத்தையும் யோசியுங்கள். தைப்பூசத்துக்கு முன்பும் தீபாவளிக்கு முந்திய ஆறு வாரங்களிலும் யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும் உள்ளே பலகாரம் வெந்துகொண்டிருக்கும். மே, ஜூனில் தொடங்கி செப்டம்பரில் களவேலையை முடித்தால், தீபாவளிக்காக வீடு ஒழிக்கும்போது மக்களுக்குப் பழக்கம் வந்திருக்கும். தேசிய மறுசுழற்சி நாள் நவம்பர் 11. பிரமுகரை அழைத்தே ஆக வேண்டும் என்றால் அன்றைக்கு அழையுங்கள். அதற்குள் அவரிடம் காட்டுவதற்கு உங்கள் கையில் எண்கள் இருக்கும்.

படி 4: தெருப் பொறுப்பாளர்

முப்பது வீட்டுக்கு ஒருவர். நல்ல பேச்சாளர் தேவையில்லை. ஏற்கெனவே பை வைக்கிறவராகவும், தெருவில் யாரோடும் பேச்சுவார்த்தை முறிக்காதவராகவும் இருக்க வேண்டும். கட்சிக் கிளைத் தலைவரை இந்த வேலைக்குப் போடாதீர்கள். பாதி வீடுகளில் கதவு திறக்காது. ஓய்வுபெற்ற ஆயா, பலகாரம் செய்து விற்கும் அக்கா, கல்லூரி விடுமுறையில் இருக்கும் பிள்ளை, முன்னாள் மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்) ஆகியோர் சரியாக வருவார்கள். மண்டோருக்கு ஒரு கூடுதல் தகுதி உண்டு: யார் எந்த நேரத்தில் வீட்டில் இருப்பார்கள் என்பது அவருக்கு அத்துப்படி.

தாமானில் மலாய்க்காரர், சீனர் குடும்பங்களும் இருக்கும்; வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கும் வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளர்களும் இருப்பார்கள். பத்துப் பொறுப்பாளரில் மூவராவது தமிழர் அல்லாதவராக இருக்கட்டும். தமிழில் மட்டும் நடத்தும் திட்டம், தெருவில் பாதியை விட்டுவிட்டுக் குறையை எஞ்சிய பாதியின் தலையில் கட்டும். தாள் தமிழிலும் மலாயிலும் இருக்க வேண்டும். தேசியப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகளில் பலர் மலாய்ப் பக்கத்தைத்தான் படிப்பார்கள். பெரியவர்களுக்குத் தமிழ்ப் பக்கம், பெரிய எழுத்தில்.

பயிற்சிக்கு ஒரு மாலை போதும். விரிவுரை வேண்டாம். ஒரு பை குப்பையை மேசையில் கொட்டி, ஒவ்வொருவரையும் பிரிக்கச் சொல்லுங்கள். வாக்குவாதம் தானாக வரும். அதுதான் பயிற்சி.

படி 5: எதை எந்தப் பையில்?

தாளில் எழுத வேண்டியதைக் குறைவாக எழுதுங்கள். வீட்டில் வைப்பது மூன்று பை: காகிதம், பிளாஸ்டிக், மற்றவை. நீங்கள் கொடுப்பது இரண்டு; மூன்றாவதுக்கு வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு பை போதும். பை எந்த நிறத்திலும் இருக்கலாம். கட்டித் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும், உள்ளே போடக் கூடாது. பொது இடங்களில் உள்ள மூன்று நிறத் தொட்டிகளில் நீலம் காகிதத்துக்கு, பழுப்பு கண்ணாடிக்கு, ஆரஞ்சு பிளாஸ்டிக், டின், அலுமினியத்துக்கு. பேரங்காடி வாசலில் குழம்பி நிற்பவர்களுக்காக இதையும் ஒரு மூலையில் போடுங்கள்.

பிறகு நம் வீட்டுச் சாமான்களைப் பெயர் சொல்லி எழுதுங்கள். ‘பிளாஸ்டிக்’ என்றால் ஒன்றும் புரியாது. ‘சமையல் எண்ணெய்ப் புட்டி, ஷாம்பூ புட்டி, பலகாரப் புட்டி’ என்றால் புரியும். அடியில் முக்கோணத்துக்குள் 1, 2, 5 என்று இருப்பவற்றுக்குப் பொதுவாக வாங்குவோர் உண்டு. 6 என்பது பாலிஸ்டிரின், அதாவது அந்த மீகூன் பெட்டி; பைக்கு வேண்டாம். பால் டின், மைலோ டின், மீன் டின் ஆகியவை அலசிய பிறகு ‘மற்றவை’ பைக்கு. அலசுவதற்குக் குழாயைத் திறக்க வேண்டியதில்லை, பாத்திரம் கழுவிய தண்ணீரே போதும். இதைச் சொல்லும்போதுதான் பலருடைய முகம் மாறும். தண்ணீர்க் கட்டணமே அவர்களின் கவலை. உடைந்த கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றி, ‘காச்சா’ என்று மலாயில் எழுதி வையுங்கள். லாரிக்காரரின் கை அது.

போடக் கூடாதவற்றில் நான்கைப் பெரிதாக எழுதினால் போதும்: குழந்தை அணையாடை, திசுத்தாள், குழம்பு பட்ட காகிதம், மின்கலம். குழம்பு பட்ட ஒரு நாசி லெமாக் காகிதம் பையிலுள்ள மற்றக் காகிதம் முழுவதையும் நனைத்துவிடும். கைப்பேசி மின்கலம் லாரிக்குள் நசுங்கினால் தீப்பிடிக்கலாம். மின்கலத்தையும் பழைய மின்சாதனத்தையும் தனியே சேர்த்து மின்கழிவு சேகரிப்பு இடத்தில் கொடுக்க வேண்டும்.

உணவுக் கழிவைப் பற்றித் தாளில் ஒரு வரி மட்டும். வீட்டுக் குப்பையில் அதுதான் பாதிக்கு நெருக்கம், உண்மை. ஆனால் முதல் நான்கு மாதத்தில் உரக்குழியையும் சேர்த்துக் கற்பித்தால் இரண்டும் நடக்காது. பொரித்த எண்ணெய் மட்டும் விதிவிலக்கு. அதைப் புட்டியில் ஊற்றி வைத்தால் விலைக்கு வாங்குவோர் இருக்கிறார்கள்; சாக்கடையில் ஊற்றுவது நிற்கும்.

படி 6: கதவைத் தட்டும்போது

ஒரு வீட்டுக்கு மூன்று முறை. முதல்முறை பையும் தாளும் கொடுக்க. இரண்டாவது, அடுத்த மறுசுழற்சி நாளுக்கு முந்தின மாலை, நினைவூட்ட. மூன்றாவது, மூன்று வாரம் கழித்து, பார்த்ததைச் சொல்ல. மாலை ஐந்தரை முதல் ஏழு வரை நல்ல நேரம். வெள்ளி மாலை கோயில், தொழுகை இரண்டையும் கணக்கில் எடுத்து விட்டுவிடுங்கள். பூட்டிய வீட்டை விட்டுவிடக் கூடாது, ஞாயிறு காலையில் மறுபடி போக வேண்டும்.

பேச்சு இரண்டு நிமிடத்துக்குள் முடியட்டும். ‘வணக்கம் அக்கா, நான் மூன்றாவது வரிசையில் இருக்கிறேன், உங்கள் பிள்ளையும் என் தங்கையும் ஒன்றாகப் படித்தார்கள். வியாழக்கிழமை மறுசுழற்சி லாரி வருகிறதே, அதற்கு இந்தப் பையைக் கொடுக்கச் சொன்னார்கள். எண்ணெய்ப் புட்டி, பால் டின் இருந்தால் இதில் போட்டு வாசலில் வைத்துவிடுங்கள். நானும் இப்படித்தான் வைக்கிறேன்.’ கடைசி வாக்கியத்தை விடாதீர்கள். பூமி வெப்பமடைதல், ஆமை, பெருங்கடல் எல்லாவற்றையும் விட்டுவிடலாம். உறுதியாக ஒன்றைக் கேட்டுவிட்டு வாருங்கள்: ‘இந்த வியாழன் வைப்பீர்களா, அக்கா?’

எதிர்வாதங்கள் வரும். அதிகம் வருவது: ‘நாம் பிரித்து வைக்கிறோம், அவர்கள் எல்லாவற்றையும் ஒரே லாரியில்தானே கொட்டுகிறார்கள்?’ இதைக் கேட்டதும் உடனே மறுத்துப் பேசாதீர்கள். சில நேரம் அவர் சொல்வது நடந்தும் இருக்கும்: குப்பை நாளில் மறுசுழற்சிப் பையை வைத்திருப்பார், லாரி அள்ளிப் போயிருக்கும். ‘எந்தக் கிழமை வைத்தீர்கள்?’ என்று கேளுங்கள். நாள் சரியாக இருந்தும் அப்படி நடந்திருந்தால், தேதியும் நேரமும் குறித்துப் படம் எடுத்து எஸ்.டபிள்யூ.கோர்ப்புக்கு அனுப்புங்கள்; பதிலைத் தெருவுக்குச் சொல்லுங்கள். முடிந்தால் பத்துப் பேரை வேனில் ஏற்றி, மறுசுழற்சிப் பொருள் போய்ச் சேரும் இடத்தைக் காட்டிவிட்டு வாருங்கள். அந்தப் பத்துப் பேர் ஊருக்குச் சொல்லிவிடுவார்கள்.

‘வீட்டில் இடமில்லை’ என்பவருக்கு மூன்று பைக்குப் பதில் ஒன்றே போதும் என்று சொல்லுங்கள். கட்டும் நாளில் பிரிக்கட்டும். ‘அபராதம் போடுவார்களா?’ என்றால் சட்டம் இருக்கிறது என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். பயமுறுத்தி வாங்கிய பை, பயம் போனதும் நின்றுவிடும். நீங்கள் அமலாக்க அதிகாரியும் இல்லை.

படி 7: அட்டை

திட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு மறுசுழற்சி நாளும் லாரிக்கு முன்னால் பொறுப்பாளர் தெருவில் நடந்து, பை இருக்கும் வீட்டில் ஓர் அட்டையைக் கட்டுவார். சரியாக இருந்தால் பச்சை: ‘நன்றி. இந்த வாரம் உங்கள் தெருவில் 30 வீட்டில் 14 வீடு பை வைத்தது.’ தவறு இருந்தால் மஞ்சள், அதில் ஒரே ஒரு குறிப்பு: ‘எல்லாம் சரி. திசுத்தாளை மட்டும் எடுத்துவிடுங்கள்.’ இரண்டு தவறு கண்டாலும் ஒன்றையே எழுதுங்கள். சிவப்பு அட்டை வேண்டாம். வாசலில் சிவப்பு தொங்கினால் பக்கத்து வீட்டார் பார்ப்பார்கள், அந்த வீட்டில் பேச்சு முடிந்துவிடும். பையை அவிழ்த்துக் கிளறவும் கூடாது. மேலாகத் தெரிவதே போதும்.

தெருக் கணக்கைப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வாரம் ஒருமுறை போடுங்கள். வீட்டு எண் போடாதீர்கள். ‘மூன்றாவது வரிசை 17, நான்காவது வரிசை 11’ என்று மட்டும் போட்டால், நான்காவது வரிசை அடுத்த வாரம் தானே கேட்டுக்கொள்ளும். லா வெர்னில் தொங்கவிட்ட அட்டை போலத்தான் இதுவும்; வரிசைக்கு வரிசை போட்டி மட்டும் நம்முடையது.

கோயிலும் பள்ளியும்

கோயில் நிர்வாகத்திடம் இரண்டு காரியங்கள் மட்டும் கேளுங்கள்: திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலில் புட்டிகளுக்குத் தனித் தொட்டி, அன்னதானத்துக்கு வாழையிலை. தேங்காய் மூடி, பூ, இலை எல்லாம் ஏற்கெனவே தனியாகத்தான் விழுகின்றன; அவற்றைத் தோட்டக் கழிவோடு வைக்கலாம். பள்ளியில் ஓவியப் போட்டி வைப்பதைவிட, பிள்ளைகளிடம் அந்த ஒற்றைத் தாளைக் கொடுத்து வீட்டில் ஒட்டிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

லயத்தில்

லாரி வராத இடத்தில் வாசல் பையைக் கற்பிப்பது பயனற்றது. தோட்ட நிர்வாகியிடம் முதலில் பேசுங்கள். லயத்தின் ஓரத்தில் கூரை போட்ட ஓர் இடம், நான்கு பெரிய சாக்கு, மாதம் இருமுறை பழைய சாமான் வாங்குபவரின் லாரி, இவ்வளவுதான் வேண்டும். விற்ற பணத்தை யார் வைத்திருப்பது என்பதைத் தொடங்கும் முன்பே தீர்மானியுங்கள். ஆயாக் கொட்டகைக்கா (குழந்தைக் காப்பகம்), கோயிலுக்கா, பிள்ளைகளின் டியூஷனுக்கா என்று பொதுக்கூட்டத்தில் முடிவெடுத்து, எடையையும் தொகையையும் பலகையில் எழுதுங்கள். இதைச் செய்யாத இடத்தில் மூன்றாவது மாதம் சந்தேகம் கிளம்பும். குப்பையைக் கொளுத்தும் பழக்கம் லயங்களில் இன்னமும் உண்டு. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம், 29ஏ பிரிவில், திறந்தவெளியில் எரிப்பதைத் தடைசெய்கிறது. நிர்வாகியிடம் பேசும்போது இது கைகொடுக்கும். தொழிலாளியிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. குப்பை போக வேறு வழி இல்லாததால்தான் அவர் கொளுத்துகிறார்.

படி 8: அறிக்கை

ஒவ்வொரு வாரமும் ஒரே படிவம்: தெரு, வீடுகள், பை வைத்தவை, பச்சை, மஞ்சள். இரசீதுகளை அன்றன்றே படம் எடுத்து ஒரே கோப்பில் போடுங்கள். வெப்பத்தாளில் அச்சான இரசீது சில மாதத்தில் வெள்ளையாகிவிடும். நான்கு மாதம் முடிந்ததும் தொடக்கத்தில் எண்ணியது போலவே மறுபடி நான்கு வாரம் எண்ணுங்கள். எண் உயரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், எந்தத் தெருவில் உயரவில்லை என்பதோடு. மானியக் குழுக்கள் வெற்றிக் கதைகளைப் படித்துச் சலித்திருக்கின்றன. ஒழுங்காக எண்ணிய தோல்விக்கு மறுமுறை பணம் கொடுக்கத் தயங்க மாட்டார்கள்.

கடைசித் தவணை பெரும்பாலும் அறிக்கை ஏற்கப்பட்ட பிறகே வரும். ஆகவே பொறுப்பாளர்களின் கடைசி மாத ஊதியத்தை முன்தவணையிலேயே ஒதுக்கி வையுங்கள். அறிக்கையின் ஒரு படியை நகராண்மைக் கழகத்துக்கும் ஒரு படியை எஸ்.டபிள்யூ.கோர்ப் கிளைக்கும் கொடுங்கள். லாரி தவறவிட்ட நாள்களின் பட்டியலைத் தனித் தாளில் இணையுங்கள். மிஞ்சிய பைகளையும் அட்டைகளையும் பொறுப்பாளர்களிடமே விட்டுவிடுங்கள். புதிதாகக் குடிவரும் வீட்டுக்கு ஒரு பையும் ஒரு தாளும் கொடுப்பதை மட்டும் அவர்கள் தொடர்ந்து செய்தால் போதும். அதற்கு மானியம் தேவையில்லை, மாதம் ஒருமுறை ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் கூப்பிட்டு விசாரித்தால் நடக்கும்.